இடது பெடல்

பழிவாங்க வேண்டிய ஆள் யாரென்று தெரியாமல் கோபத்தை மட்டும் வைத்துக்கொண்டிருப்பது, ஓட்டை டியூபுக்குக் காற்றடிப்பது மாதிரி. கைதான் வலிக்கும், சக்கரம் எழாது. புருஷன் செத்த நாளிலிருந்து கோட்டக்கா அப்படித்தான் அடித்துக்கொண்டிருந்தாள்.

பழைய சைக்கிள் சந்தையில் அவளுடைய நிஜப் பெயரைச் சொன்னால் யாருக்கும் தெரியாது. வளைந்த சக்கரத்தை ஸ்டாண்டில் மாட்டி, சுற்றவிட்டு, ஒற்றைக் கண்ணால் பார்த்து, கம்பி கம்பியாகத் திருகிக் கோட்டம் எடுப்பவள். அதனால் கோட்டக்கா. அவள் புருஷனுக்கு ஸ்பானர் என்று பெயர். தகரக் கூரை போட்ட நீளச் சந்தில் இருவருக்குமாக ஒரே கடை. அவர் வண்டியைக் கட்டுவார், அவள் சக்கரத்தைக் கட்டுவாள். ஒரு வண்டியின் ஹேண்டில்பார், இன்னொன்றின் ஃபோர்க், மூன்றாவதின் சீட் என்று பொறுக்கிச் சேர்த்து, பழசை எல்லாம் ஓடவிடுவது பிழைப்பு.

"புது வண்டி வாங்கக் கையெதுக்கு? பை இருந்தாப் போதுமே!" என்பார் ஸ்பானர், புதுசு வாங்கப் போகிறேன் என்று யாராவது வந்து சொன்னால்.

அவர் கால்வாய்ப் பாலத்தடியில், படிக்கட்டு ஓரமாக, மண்டை உடைந்து கிடந்தார். கால் தவறி விழுந்திருக்கிறார் என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டது போலீஸ்.

"அவர் வண்டி எங்கே?" என்று கேட்டாள் கோட்டக்கா.

"எவனாவது தள்ளிட்டுப் போயிருப்பான்மா. சும்மா கிடக்குற வண்டியை யாரு விடுவா?"

"எங்க வீட்டுக்காரர் தெருமுனைக் கடைக்குக் கூட சைக்கிள்லதான் போவாரு. படிக்கட்டுப் பக்கம் நடந்து எதுக்குப் போறாரு?"

அன்றைக்கு மத்தியானம் சாப்பிட்டுக் கை கழுவியவர், "ஒரு ஆளைப் பாத்துட்டு வந்துடறேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு வண்டியில் ஏறினார். யாரை என்று அவள் கேட்கவில்லை. சில நாளாகவே மனிதர் சரியில்லை. பால்காரர் ஒருவரின் வண்டியில் முன் ஃபோர்க் போகிற போக்கில் முறிந்து, அவர் முன்பற்கள் எல்லாம் ரோட்டோடு போய்விட்டன. அந்த முறிந்த துண்டை மடியில் வைத்துக்கொண்டு ஸ்பானர் மணிக்கணக்கில் உட்கார்ந்திருந்தார். அவர் போன பிறகு பார்த்தால் அந்தத் துண்டையும் காணோம்.

சாவு வீட்டில் அதிகமாக அழுதது பாலிஷ்தான். சந்தையின் கோடியில் பெயிண்ட் கடை வைத்திருப்பவர். துருப்பிடித்த ஃப்ரேமைக் கொடுத்தால் மூஞ்சி பார்க்கிற கண்ணாடியாகத் திருப்பிக் கொடுப்பார். பேச்சும் அப்படியே, வழவழவென்று இருக்கும். ஸ்பானருக்குத் தோழர். ஸ்பானருடைய அம்மாவின் தலையில் கை வைத்து, "சத்தியமாச் சொல்றேன் அம்மா, அன்னைக்கு அவன் என் கண்ணுலயே படலை. ஒரு எட்டு என் கடைக்கு வந்திருந்தா பேசிக்கிட்டே உக்கார வச்சிருப்பேனே! இப்படிப் போயிருப்பானா?" என்று கதறினார். பாடை தூக்கியதிலும் முதல் தோள் அவருடையதுதான்.

அதற்கப்புறம் மாமியாரும் மருமகளும் மட்டும் வீட்டில். மாமியாருக்கு வாய் நீளம், தூக்கம் குறைவு. "எம்புள்ள வழுக்கி விழுந்து சாகற ஆளா? குழந்தையில கூட விழ மாட்டான், அடுத்தவனைத்தான் தள்ளி விடுவான்" என்று சுவரைப் பார்த்துச் சொல்வாள்.

ஒரு நாள் வெளியூர்க்காரர் ஒருவர் பின்சக்கரம் ஒன்றைக் கோட்டம் எடுக்கக் கொண்டுவந்து போட்டார். கோட்டக்கா ஸ்டாண்டில் மாட்டிச் சுற்றினாள். அச்சைச் சுற்றிய ஹப்பின் நடுவில் எண்ணெய் விடுகிற ஓட்டை. அதை மூட ஒரு சின்ன எஃகுப் பட்டை. கடையில் விற்கிற மூடியில்லை அது; பழைய கைக்கடிகாரத்தின் ஸ்பிரிங்கை வெட்டி வளைத்துச் செய்தது. வெட்டியவர் யாரென்று அவளுக்குத் தெரியும். விரலைக் கிழித்துக்கொண்டு அவர் கத்தியதும் தெரியும்.

அவள் கை நின்றுவிட்டது. சக்கரம் மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது.

"இந்த ஹப் எங்க வாங்கினீங்க?"

"எங்க ஊர் பழைய சாமான் கடைலக்கா. அவருக்கு மூட்டையில வந்துச்சாம்."

மூட்டை யாருடையது? அவருக்குத் தெரியாது. மூட்டை கட்டியவனும் கொண்டுவந்தவனும் வேறு வேறு. பழைய சாமான் வியாபாரத்தில் மூட்டைக்கு முகமே கிடையாது.

அவள் அந்தச் சக்கரத்துக்குப் பதிலாக நல்ல ஹப் ஒன்றில் வேறு சக்கரம் கட்டிக் கொடுத்தாள். ஸ்பானரின் ஹப்பைப் புடவைத் தலைப்பில் முடிந்துகொண்டு வீட்டுக்குப் போனாள்.

மாமியார் அதைக் கையில் வாங்கி உருட்டிப் பார்த்தாள். முகர்ந்தும் பார்த்தாள்.

"எண்ணெய் போட்டிருக்கான்டி."

"ஆமா அத்தை. பேரிங் குண்டெல்லாம் கழுவி, புது கிரீஸ் வச்சிருக்கான்."

"சாதாரணத் திருடன்னா வண்டியை வண்டியாவே வித்திருப்பான். இவன் பிரிச்சிருக்கான். பயந்திருக்கான்."

"பயந்தவன் கால்வாயில வீசியிருக்கலாமே? பக்கத்துலதானே இருந்துச்சு?"

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். நல்ல ஹப்பைத் தூக்கி எறிய மனசு வராதவன். கொலை செய்த கையோடு உட்கார்ந்து குண்டு கழுவி கிரீஸ் வைத்தவன். அப்படிப்பட்ட ஆட்கள் இந்த உலகத்தில் ஒரே ஒரு சந்தில்தான் இருக்கிறார்கள்.

"நம்ம சந்தையிலதான்டி இருக்கான்," என்றாள் மாமியார். "உன்னைப் பாத்து தினம் 'என்னக்கா சாப்பிட்டீங்களா'ன்னு கேக்குறான்."

அன்றிலிருந்து டியூபில் காற்று தங்கியது.

கோட்டக்கா புருஷன் வண்டியைத் திரும்பக் கட்ட ஆரம்பித்தாள். எந்தப் பார்ட்டும் கெட்டுப்போகிற வரை ஊர் சுற்றும். சுற்றி முடித்தால் சந்தைக்குத்தான் வரும். மட்கார்டு கிடைத்தது. ஒரு பக்க ஸ்பிரிங் மட்டும் வேறு கம்பியில் செய்த சீட், நட்டு கடையில் தொங்கியது. நட்டு என்பவர் போல்ட்டு, நட்டு, வாஷர் விற்கிற குள்ள மனிதர். மூட்டையில் வந்ததாகத்தான் அவரும் சொன்னார். ஃப்ரேம் கிடைக்கவேயில்லை. வேறு ஃப்ரேம் ஒன்றை எடுத்து, அவளே பச்சை அடித்தாள்.

"எதுக்குத் தங்கச்சி இந்தக் குப்பையைப் போட்டுக் கட்டிக்கிட்டு?" என்று ஒரு நாள் கடை வாசலில் நின்று கேட்டார் பாலிஷ். "ஷோரூம்ல புதுசு ஒண்ணு எடுத்துக்கோ. நான் வாங்கித் தரேன். அண்ணன் செய்யறேன்னு வச்சுக்கோ."

அவளுக்குக் கண் கலங்கியது. "வேண்டாம்ணே. கை சும்மா இருந்தா மனசு எங்கெங்கேயோ போகுது."

பழைய வண்டிக்குப் பெயிண்ட் அடித்தே பிழைக்கிற மனிதர், புதுசு வாங்கச் சொல்கிறாரே என்று அவளுக்கு அப்போது உறைக்கவில்லை. வருத்தப்படுகிறவர்கள் கண்டதையும் சொல்வார்கள் என்று விட்டுவிட்டாள்.

கடைசியாகக் கிடைத்தது, பெடலைத் தாங்குகிற இடது கிராங்க்.

தராசு கடையில், எடைக்குப் போகிற இரும்புக் குவியலின் அடியில் இருந்தது. இரும்பைக் கண்ணாலேயே எடைபோடுகிறவர் என்பதால் அவருக்கு அந்தப் பெயர். கறுப்புப் பெயிண்ட் தடவிய கிராங்க். பெடல் மாட்டுகிற துளையைச் சுற்றி நகக்கண் அகலத்துக்கு ஒரு வளையம் தெரிந்தது.

"அது எடுபடாதுக்கா," என்றார் தராசு. "எந்த இடது பெடலும் அதுல ஏற மாட்டேங்குது. மரை கெட்டுப்போச்சு."

மரை கெடவில்லை என்று அவளுக்குத் தெரியும். குவியலின் மேலேயே உட்கார்ந்துவிட்டாள்.

சைக்கிளில் எல்லாத் திருகு மரையும் ஒரு பக்கம், இடது பெடலின் மரை மட்டும் மறுபக்கம். மிதிக்க மிதிக்கக் கழன்றுவிடக் கூடாது என்பதற்காக அப்படி. மற்ற எதை இறுக்கவும் எந்தப் பக்கம் திருகுவோமோ, அந்தப் பக்கம் திருகினால்தான் இடது பெடல் கழலும். சந்தையில் கைவைத்துப் பிழைக்கிற எவனுக்கும் இது மூச்சு விடுகிற மாதிரி, யோசிக்க மாட்டான்.

ஸ்பானர் செத்த அன்று மத்தியானம், அவர் வண்டியின் இடது துளை தேய்ந்து பெடல் ஆடியது. இடது மரை வெட்டுகிற கருவியை யாரோ இரவல் வாங்கிப் போயிருந்தார்கள். மனிதருக்கு அவசரம். துளையைப் பெரிதாக்கி, புஷ் என்கிற இரும்பு வளையம் ஒன்றை இறக்கி, கையிலிருந்த வலது மரையையே வெட்டிவிட்டார். வலது பெடல் ஒன்றை இடப்பக்கம் மாட்டினார். கழலாமல் இருக்க, மரையின் ஓரத்தில் பஞ்ச் உளி வைத்து ஒரு தட்டுத் தட்டினார். பக்கத்தில் உட்கார்ந்து எண்ணெய் ஊற்றியது அவர் அம்மா.

"எவனாவது இதைக் கழட்டணும்னா தலையால தண்ணி குடிக்கணும்மா!" என்று சிரித்துவிட்டு, அதே வண்டியில் ஏறிப் போனவர்தான்.

இப்போது கிராங்க் இருக்கிறது, பெடல் இல்லை. யாரோ கழற்றியிருக்கிறான். வழக்கமான பக்கம் திருகித் திருகி, இன்னும் இறுகி, நாக்குத் தள்ளி, கடைசியில் சூட்சுமம் கண்டுபிடித்துக் கழற்றியிருக்கிறான். கிராங்க்கின் ஓரமெல்லாம் திருகுகிற ஸ்பானர் வழுக்கிய தழும்பு. அவ்வளவு பாடுபட்டதைக் கை மறக்காது.

அன்று மாலை அவள் ஒரு வலது பெடலை எடுத்து, முனையில் வலது என்று காட்டும் எழுத்தை அரத்தால் ராவி, மரை தெரியாதபடி கிரீஸ் அப்பி, அந்தக் கிராங்க்கில் மாட்டி, பச்சை வண்டியில் பூட்டினாள். புஷ் வளையத்தை மட்டும் துடைத்துப் பளிச்சென்று வைத்தாள்.

முதலில் நட்டு கடை.

"இடது பெடல் கழல மாட்டேங்குதுண்ணே. கொஞ்சம் பாருங்களேன்."

நட்டு வழக்கமான பக்கம் திருகினார். இறுகியது. பல்லைக் கடித்துக்கொண்டு தொங்கினார். "துரு கவ்விக்கிச்சு! சூடு காட்டினாத்தான் வரும்!" என்று கையை உதறினார். வீட்டுக்குக் கொண்டுபோய்த் தளர்த்தி, அளவாக இறுக்கி, மறுநாள் தராசிடம் போனாள். அவரும் அதே பக்கம், ஸ்பானரையே வளைத்துவிட்டார். சந்தை முழுக்க இப்படியே ஒரு சுற்று. ஒவ்வொருவரும் தோற்கத் தோற்க, அவளுக்கு ஒரு பக்கம் நிம்மதி, ஒரு பக்கம் எரிச்சல். எல்லாருமே யோக்கியர்களாக இருந்தால் எப்படி?

பாலிஷிடம் அவள் சந்தேகப்பட்டுப் போகவில்லை. எல்லாரிடமும் போயாயிற்று, இவரை விட்டால் கணக்கு இடிக்கும் என்றுதான் போனாள்.

அவர் சுவரில் வரிசையாகத் தொங்கிய ஃபோர்க்குகளுக்கு ஈரம் காய்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார். "அம்மாவுக்கு முட்டி வலி எப்படி இருக்கு? தைலம் வாங்கித் தரேன்னு சொன்னேனே, மறந்தே போச்சு பாரு..." என்று பேசிக்கொண்டே குனிந்தார். கட்டைவிரல் அந்த வளையத்தைத் தொட்டது. ஒரு கணம் தடவியது. "...அந்தத் தைலம் சூடு பண்ணித் தேய்க்கணும் தங்கச்சி, சும்மா தேய்ச்சாப் பிடிக்காது..." வாய் பாட்டுக்குப் பேசிக்கொண்டிருந்தது. கை பாட்டுக்கு ஸ்பானரை மறுபக்கம் திருப்பி வைத்து ஓங்கி ஒரு அழுத்து அழுத்தியது.

பெடல் கழன்று அவர் உள்ளங்கையில் விழுந்தது.

"இதுக்குத்தானா சந்தை பூரா அலைஞ்சே?" என்று சிரித்தார் பாலிஷ். "பூ மாதிரி வந்துருச்சு பாரு!"

கோட்டக்காவும் சிரித்தாள். எப்படிச் சிரித்தாள் என்று பிற்பாடு அவளுக்கே விளங்கவில்லை. "உங்க கைராசிண்ணே" என்று பெடலை வாங்கிக்கொண்டு வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தாள். சந்தின் திருப்பத்தில் நின்று, பெடலைப் புடவைத் தலைப்பில் முடிந்துகொண்டு வீட்டுக்கு நடந்தாள்.

அவள் சொல்லச் சொல்ல மாமியார் முழுக்கக் கேட்டாள். கேட்டுவிட்டு எழுந்தாள். அடுப்படிக்குப் போனாள். கையில் அம்மிக் குழவியோடு திரும்பினாள்.

"எங்கே அத்தை?"

"முட்டி வலிக்குத் தைலம் வாங்க."

"உக்காருங்க. ஒரே அடியில அவன் போயிடுவான். உங்களைப் பிடிச்சு உள்ள போடுவாங்க. அவனுக்குப் பாடை கட்டி, நல்லவன்னு ஊரே அழும். நம்ம வீட்டுல அழுதானே, அந்த மாதிரி."

மாமியாரின் கை தாழ்ந்தது. "அப்ப என்னடி பண்ணப் போறே?"

"அவன் வாயாலயே சொல்ல வைக்கணும். சந்தை நடுவுல. அவன் பெயிண்ட் மொத்தமும் உதிரணும்."

"சொல்லுவானா?"

"பெடல் கழட்டினதை இந்நேரம் ஊரெல்லாம் சொல்ல ஆரம்பிச்சிருப்பான் அத்தை. அதைச் சொல்லி முடிக்கட்டும்."

உண்மைதான். பாலிஷின் பெருமை அந்த வாரம் முழுக்கச் சந்தையில் ஓடியது. "நட்டுப் பய தொங்கினானாம், தராசு ஸ்பானரை வளைச்சானாம். நான் ஒரே திருகு!" டீ குடிக்கிற இடத்தில், பஞ்சர் ஒட்டுகிற இடத்தில், ஒருவர் விடாமல் சொன்னார். அவருடைய வாயே அவருக்குச் சாட்சி தேடிக்கொண்டிருந்தது.

சந்தை நாளில், சந்தின் நடுவில் பச்சை வண்டியை ஸ்டாண்ட் போட்டு நிறுத்தினாள் கோட்டக்கா. இடது பெடல் மறுபடி மாட்டியிருந்தது. பக்கத்தில் ஒரு முக்காலியில் மாமியார், மடியில் ஒரு முழ நீள இரும்புப் பைப்.

"என்னம்மா, பைப்போட வந்திருக்கீங்க?" என்றார் நட்டு.

"நடக்கக் குச்சி வேணும்லப்பா."

வண்டி கட்டி முடித்தால் சந்தையே கூடிக் குறை சொல்வது வழக்கம். கூடினார்கள். சீட் உயரம், செயின் தொங்குகிறது, பச்சை சரியில்லை, கிளிப்பிள்ளை மாதிரி இருக்கிறது என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். கோட்டக்கா குரலை உயர்த்தினாள்.

"இந்த இடது பெடலை உங்க யாராலயும் கழட்ட முடியல. பாலிஷ் அண்ணன் மட்டும்தான் கழட்டினார். எல்லாருக்கும் தெரியும்ல?"

"அவருதான் தெருத்தெருவாச் சொல்லிட்டாரே!" என்று தராசு சிரித்தார். "எங்க, எங்க கண்ணு முன்னாடி கழட்டட்டும்! அப்பத்தான் நம்புவேன்."

"நீ என்னிக்குத்தான் நம்பினே?" என்று பாலிஷ் சட்டைக் கையை மடித்துக்கொண்டு முன்னால் வந்தார். ஸ்பானரை வாங்கினார். குனிந்தார்.

"ஹப், சீட், மட்கார்டு, இந்த கிராங்க் எல்லாம் எங்க வீட்டுக்காரர் வண்டியில இருந்ததுண்ணே," என்றாள் கோட்டக்கா, அவர் ஸ்பானரை வைத்த நேரம் பார்த்து. "ஒவ்வொண்ணாத் தேடிப் பிடிச்சேன்."

கட்டைவிரல் வளையத்தின் மேல் இருந்தது. இந்த முறை அது என்னவென்று மூளைக்கும் தெரிந்துவிட்டது. பாலிஷின் பிடரியில் வேர்வை துளிர்ப்பதை, மேலிருந்து பார்த்தவள் அவள்தான். ஸ்பானர் மெல்லத் திரும்பி வழக்கமான பக்கம் போனது. அழுத்தினார். முக்கினார்.

"வரலையே தங்கச்சி... இன்னைக்கு இறுகிப் போச்சு."

"ஏண்ணே, இன்னைக்கு ஏன் அந்தப் பக்கம் திருகுறீங்க? அன்னைக்கு இந்தப் பக்கம்ல திருகினீங்க?"

"இந்தப் பக்கமா?" என்றார் நட்டு. "அது இறுக்குற பக்கமாச்சேக்கா. இடது பெடல் அப்படிக் கழலாதே."

மாமியார் முக்காலியை விட்டு எழுந்தாள். பாலிஷின் கையிலிருந்து ஸ்பானரைப் பிடுங்கி, பெடலில் மறுபக்கம் வைத்து, அதன் வாலில் பைப்பைச் செருகி, செருப்புக் காலால் ஒரு மிதி மிதித்தாள். மடக்கென்று ஒரு சத்தம். அப்புறம் விரலாலேயே சுழற்றிக் கழற்றி, பெடலை எல்லாருக்கும் காட்டினாள்.

"வலது மரை," என்றாள். "எம்புள்ள வெட்டினது. நான்தான் எண்ணெய் ஊத்தினேன்."

தராசு பெடலை வாங்கி மரையைத் துடைத்துப் பார்த்தார். நட்டு பாலிஷையே பார்த்தார்.

"இது வலது மரைன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்ணே?" என்றாள் கோட்டக்கா. குரல் சாதுவாகவே இருந்தது. "கிரீஸ் அப்பியிருந்தேன். எழுத்தை ராவியிருந்தேன். சந்தையில ஒருத்தருக்கும் தெரியல."

"அது... ஸ்பானர்தான் சொன்னான்! உன் புருஷன்தான் சொன்னான் தங்கச்சி. 'வலது மரை போட்டிருக்கேன்டா'ன்னு."

"எப்பச் சொன்னாரு?"

"எப்பன்னா... கடைக்கு வந்தப்பதான். பெடலைக் காட்டிச் சொன்னான்."

"என்னைக்கு?"

"அதெல்லாம் யாரு ஞாபகம் வச்சிருக்கா? புஷ் போட்டதும் வந்து காட்டினான்."

கோட்டக்கா மாமியாரைப் பார்த்தாள். மாமியார் மெதுவாக அவர் முன்னால் வந்து நின்றாள்.

"புஷ் போட்டது அன்னைக்கு மத்தியானம்டா. போட்ட சூட்டோட ஏறிப் போனவன் திரும்பி வரல. அன்னைக்கு அவன் உன் கண்ணுலயே படலைன்னு என் தலையில கை வச்சு சத்தியம் பண்ணினியே. அந்தக் கை எது? இதா, இதா?"

பாலிஷ் இரண்டு கையையும் பின்னால் மறைத்துக்கொண்டார். பிள்ளைகள் மறைப்பது மாதிரி.

"நான் வேணும்னு பண்ணல," என்றார். அவ்வளவுதான், உள்ளே நாள்பட அமுங்கிக் கிடந்த காற்று மொத்தமும் வெளியே வந்தது. "ஒரு ஃபோர்க்கு! ஒரு ஓட்டை ஃபோர்க்கைக் கொண்டாந்து மூஞ்சியில ஆட்டினான். விரிசல்ல மக்குப் பசை அடைச்சுப் பெயிண்ட் அடிக்கிறேன்னு சந்தையைக் கூட்டிச் சொல்லப் போறேன்னான். என் பொழப்பு என்ன ஆகறது? பிடிச்சுத் தள்ளினேன். இரும்பு இறுக்குற வைஸ்ல போய் மண்டை இடிச்சுது. நான் என்ன பண்ண?"

"உயிர் இருந்துச்சா?" என்றாள் கோட்டக்கா.

அவர் தன் கடைப் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

"பாலத்தடியில கொண்டுபோய்ப் போட்டியே, அப்ப உயிர் இருந்துச்சா?"

"...முனகினான்."

மாமியாரின் பைப் உயர்ந்தது. பாலிஷ் கண்ணை மூடிக்கொண்டார். அடித்தால் தேவலை என்பது மாதிரி ஒரு நிம்மதி அந்த முகத்தில் வந்தது. கோட்டக்கா அதைப் பார்த்துவிட்டாள். பைப்பைப் பிடித்துக்கொண்டாள்.

"வேண்டாம் அத்தை. இவனுக்கு அது சுலபம்."

தராசும் நட்டும் பாலிஷின் இரண்டு தோளையும் பிடித்து, அவருடைய கடைக்கே கூட்டிப்போய், அவருடைய நாற்காலியிலேயே உட்கார வைத்தார்கள். யாரோ போலீஸுக்கு ஆள் விட்டார்கள். கோட்டக்கா சுவரில் தொங்கிய ஃபோர்க் ஒன்றை எடுத்தாள். கண்ணாடி மாதிரி மின்னியது. எந்த வைஸில் தன் புருஷன் தலை இடித்ததோ அதில் அதை இறுக்கிப் பிடித்து, ரம்பத்தை வைத்தாள்.

"தங்கச்சி, அது வேண்டாம்," என்றார் பாலிஷ். முதல் முறையாகக் கெஞ்சினார். "அது எல்லாம் என் கைவேலை தங்கச்சி."

"தெரியும். பாரு."

ரம்பம் பெயிண்டைக் கடித்தது. இரும்புத் தூள் வர வேண்டிய இடத்தில் வெள்ளையாக மக்குத் தூள் கொட்டியது. கூட்டத்தில் ஒருவன் கெட்ட வார்த்தை சொன்னான். அவனும் அவன் மகளுக்கு இங்கேதான் வண்டி வாங்கியிருந்தான். அடுத்த ஃபோர்க். அதிலும் மக்கு. அடுத்தது நல்ல இரும்பு. அதை அறுத்துப் பாழாக்காமல், பெயிண்டை மட்டும் சுரண்டிப் பார்த்துத் தனியாக எடுத்து வைத்தாள். மற்றதை எல்லாம் ஒன்று விடாமல் அறுத்தாள். யாரும் அவளிடமிருந்து ரம்பத்தை வாங்க முன்வரவில்லை. இது அவள் வேலை என்று எல்லாருக்கும் தெரிந்திருந்தது. பாலிஷ் முகத்தைத் திருப்பியபோதெல்லாம் மாமியார் மோவாயைப் பிடித்து நேரே திருப்பி வைத்தாள்.

போலீஸ் வந்தபோது அவருடைய காலடியில் வெள்ளைத் தூள் குவிந்திருந்தது. அதை மிதித்துக்கொண்டேதான் அவர் வெளியே நடந்தார். சந்தையில் ஒருவரும் ஒதுங்கி வழிவிடவில்லை. இடித்துக்கொண்டு போக வேண்டியிருந்தது.

"எதுக்குடா வண்டியைப் பிரிச்சே?" என்று கேட்டார் நட்டு, தாங்காமல். "கால்வாயில தள்ளியிருந்தா ஒரு பயலுக்கும் தெரிஞ்சிருக்காதே?"

பாலிஷ் திரும்பி அவரைப் பார்த்தார். கேட்டதே புரியாதவர் மாதிரி.

"நல்ல ஹப்புடா," என்றார்.

கூட்டம் கலைந்த பிறகு கோட்டக்கா பெடலை எடுத்துத் துடைத்து, இடது கிராங்க்கில் மாட்டி, வலது மரைக்கு இறுக்க வேண்டிய பக்கமே இறுக்கினாள். மரையின் ஓரத்தில் பஞ்ச் வைத்து ஒரு தட்டுத் தட்டினாள். மாமியார் கேரியரில் ஏறி உட்கார்ந்து, பைப்பை மடியில் வைத்துக்கொண்டாள்.

"ஏண்டி, கோர்ட்டு எவ்வளவு தூரம் இருக்கும்?"

"மிதிக்கிற தூரம்தான் அத்தை."

"ஒவ்வொரு வாய்தாவுக்கும் இதுலயே போறோம். அவனை இறக்குற இடத்துல, அவன் கண்ணுல படற மாதிரி நிறுத்து. மணி அடி. அடிக்கிறதா இந்த மணி?"

"அடிக்கும். ஒரு குண்டூசி தேவைப்படுது, பழைய பெட்டியில தேடிப் போட்டுடறேன்."

"புது மணியே வாங்கிடேன்டி."

"வாயை மூடிக்கிட்டு உக்காருங்க அத்தை," என்று இடது காலை ஊன்றி அழுத்தினாள் கோட்டக்கா. பெடல் துளியும் ஆடவில்லை.